தப்பு செய்தவர் போகும் பக்கம்

மாட்டுங்காவில் வண்டி ஏறினால் குர்லாவில் இறங்கி, செம்பூர் போகும் ஹார்பர் லைன் வண்டிக்கு மாற வேண்டும். அக்கா வீட்டுக்கு வாராவாரம் போகிறவன்தான் நான். அன்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு கட்டுரையில் மூழ்கி, குர்லாவைக் கோட்டைவிட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. நான் பதறியதைப் பார்த்துக் கதவோரம் நின்றவர் சிரித்தார்.

"அரே, எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே? காட்கோபர்ல இறங்கி எதிர் வண்டியப் பிடி. திரும்ப மாட்டுங்காவுக்கா போகப் போறே?"

காட்கோபர் பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் அது பொறி தட்டியது. வகுப்பில் ஒருவன் கணக்கில் ஒரு படி தவறினால் "முதல்லேருந்து சொல்லு" என்கிறோம். அதாவது, அவனை மாட்டுங்காவுக்கே திருப்பி அனுப்புகிறோம். தவறிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி மாறிக்கொள்ள ஒரு வழி வைத்தால் என்ன?

கையிலிருந்த கட்டுரை, வெளிநாட்டில் செய்துபார்க்கும் கற்பிக்கும் இயந்திரங்களைப் பற்றியது. பெட்டியில் கேள்வி தெரியும், பொத்தானை அழுத்தினால் நம் பதிலுக்கு ஏற்ற அடுத்த கேள்வி வரும். பெட்டிக்கு நான் எங்கே போவது? ஆனால் புத்தகத்தால் அதைச் செய்யலாமே! அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு? முக்கால் என்றால் எட்டாம் பக்கம் போ. மேலே இருக்கும் எண்களைத் தனியாகவும் கீழே இருப்பவற்றைத் தனியாகவும் கூட்டி ஆறில் இரண்டு என்றால் பதினொன்றாம் பக்கம் போ. அங்கே திட்டு கிடையாது. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தீர்கள். அரையை விடக் குறைந்துவிட்டதே, எப்படி?" என்று மட்டும் இருக்கும்.

அக்கா ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். பிரதிகள் எடுக்க ஸ்டென்சில் வெட்டித் தருகிறேன் என்றவள், இரண்டாம் தாளிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஏண்டா, ஆறாம் பக்கம் முடிஞ்சா பதினொண்ணுக்குப் போங்கறே, அங்கேருந்து திரும்ப ஆறுக்கு வாங்கறே. பைண்ட் பண்றவன் கிறுக்கன்னு நெனச்சுக்கப் போறா எல்லாரும்."

"அதான் அக்கா இதோட விசேஷமே!"

"கிறுக்கு பைண்ட் பண்றவனுக்கா, ஒனக்கா?" என்றாள். ஆனாலும் அடித்துக் கொடுத்தாள்.

எம்.எட். ஆய்வுக்கு இதையே தலைப்பாகக் கேட்டேன். எனக்கு வழிகாட்டியான பேராசிரியர் உடனே மறுக்கவில்லை. படிக்கிற ஒவ்வொருவரும் அவரவர் தப்புக்கு ஏற்ற வழியில் போய்க் கரையேறுவதைத் தீபாவளி விடுமுறைக்குள் காட்டு என்றார். முடியாவிட்டால் மாநகராட்சிப் பள்ளிகளில் மாணவர் வருகை குறைவது ஏன் என்ற தலைப்பு காத்திருக்கிறது. அதை ஏற்கெனவே எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! நான் எழுதுவதாக இல்லை.

தாராவியில் தோல் பட்டறைகளில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு பள்ளி அறையில் சாயங்கால வகுப்பு நடந்தது. அங்கே ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். தங்கள் பதிலையும் போன பக்கங்களின் எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் வரிசையாகக் குறிக்கச் சொன்னேன். வகுப்பு முடிந்து தாள்களைப் பார்த்தால், எல்லாவற்றிலும் பக்க எண்கள் ஒரே வரிசை. எல்லோரும் பதினொன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தார்கள், முக்கால் என்று சரியாகச் சொன்னவர்கள் உட்பட.

முன் பெஞ்சில் இருந்த மீசைக்காரரைக் கேட்டேன். தோல் வெட்டுகிறவர், கணக்கில் கெட்டி.

"உங்க பதில் சரிதானே? எட்டாம் பக்கம்னு போட்டிருக்கே. ஏன் பதினொண்ணுக்குப் போனீங்க?"

"இவன் போனாம்லா சார்," என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "ஒரே கோலி ரூமுல கெடக்கோம், ஒரே சட்டியில சோறு திங்கோம். இவன மட்டும் தப்புப் பக்கத்துக்கு அனுப்பிட்டு நான் எட்டுல போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"நான் ஒன்னயக் கூப்பிட்டனால?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கூப்பிடல. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தியலே, கோட்டிப்பயலே!"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழி என்று நான் போட்டுவைத்தால், இவர்கள் ஒன்றாகவே போய் ஒன்றாகவே திரும்புகிறார்கள்! மறுநாள் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தேன். தாள்கள் வேறுவேறாக வந்தன, நான் கேட்டபடியே. ஆனால் மீசைக்காரரின் நண்பர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வகுப்புக்குப் பலர் வரவேயில்லை. வருகை குறைவது ஏன் என்ற தலைப்புக்கு நானே சரக்கு சேர்த்துக்கொண்டிருந்தேன்.

விடுவேனா? பட்டறை பட்டறையாகப் போய் அழைத்துவந்தேன். இந்த முறை இருவருக்கு ஒரு புத்தகம். இருவரும் ஒரே பதிலுக்கு வந்த பிறகுதான் பக்கத்தைத் திருப்பலாம் என்று விதி வைத்தேன். அன்று அந்த அறையில் எழுந்த சத்தம்!

"ஆறுல ரெண்டுன்னு எப்படிலே சொல்லுத?"

"கூட்டித்தான் சொல்லுதேன். நீ எப்படி முக்காலுங்க? கூட்டிக் காட்டு பாப்போம்!"

கேட்டுக்கொண்டே நடந்தேன். எந்தத் துண்டுத்தாளும் சொல்லாததை இந்தச் சண்டை சொல்லியது. யாருடைய தப்பு எங்கே முளைக்கிறது என்று காதில் விழுந்தது. தாள்களும் ஜோடிக்கு ஜோடி வேறாக இருந்தன.

பேராசிரியரிடம் ஓடினேன். நிதானமாகப் பார்த்தார். "ஒவ்வொருவரும் என்று நான் கேட்டேன், நீ இருவர் இருவராகக் கொண்டுவந்திருக்கிறாய்," என்றார். "இதில் ஒருவர் கற்றுக்கொண்டு மற்றவர் தலையாட்டியிருந்தால் உனக்கு எப்படித் தெரியும்?" கேள்வி நியாயமானது. விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் டைப்ரைட்டர் முன்னால் உட்காரப்போகிறேன். பதினொன்றாம் பக்கத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இனி இருவரில் ஒருவர் தப்பு செய்தாலே இருவரும் அங்கே போவார்கள். மேல் பாதி தப்பு செய்தவருக்கு. கீழ்ப் பாதி கூட வந்தவருக்கு: "உங்கள் நண்பர் ஆறில் இரண்டுக்கு எப்படி வந்தார்? அவரிடமே கேட்டு எழுதுங்கள்." வகுப்பு முடியும்போது மட்டும் ஆளுக்கொரு கேள்வி, தனித்தனியாக, வெவ்வேறு கணக்கு. பாடத்துக்குச் சேர்ந்து போகட்டும், வாசலில் ஒவ்வொருவராக வெளியே வரட்டும். மீசைக்காரர் அங்கேயும் நின்று நண்பருக்காகக் காத்திருப்பார். இருக்கட்டும். நண்பர் தானே போட்ட சரியான விடையோடு வெளியே வருகிறாரா என்பதை வியாழக்கிழமை வகுப்பில் பார்த்துவிடுகிறேன்.