காது வைக்காத துடுப்பு

கல்லடிப் பாலத்தடியில், மீன்பிடிக்கும் யோகன் அண்ணனின் தோணியில் இருக்கிறேன். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்தால் வாவி மீன்கள் பாடுவது கேட்குமாம். நானும் காதை வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் பற்றிய கவிதைகளை உரக்க வாசிக்கிறேன்.

"நீங்க வாயை மூடினாத்தான் மீன் பாடும், தம்பி."

நியாயம்தான். என் குரலுக்குக் கொக்குகளே எழும்பிப் போய்விட்டன.

"யுத்தகாலக் கவிதைகளில் மட்டும் மீன் பாடவேயில்லையே, அண்ணன்?"

"அது பாடினதுதான். நாங்கதான் காது வைக்கல்ல. தோணியில போன என்ட தம்பி திரும்பி வரல்ல. காது வச்சா அவன்ட குரல் கேட்டுருமோ எண்டு பயம். இப்பவும்தான்."

துடுப்பை நீட்டுகிறேன். வாங்கிக் காதுவரை கொண்டுபோகிறார். பிறகு இறக்கி, கரையைப் பார்த்துத் தோணியை வலிக்கத் தொடங்குகிறார்.