கண் கூசாத வெல்டிங்

திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த மூன்றாவது வேலை அது. அரசுப் பள்ளிகளுக்கு வி.ஆர். கருவிகளை எடுத்துப்போய், பிள்ளைகளின் கண்ணில் மாட்டிவிட வேண்டும். உள்ளே ஒரு பட்டறை தெரியும். கையிலிருக்கும் ரிமோட் அங்கே வெல்டிங் ஹோல்டராகவோ ஸ்பேனராகவோ மாறிவிடும். கைத்தொழில்மேல் ஆசை வரவழைப்பதுதான் நோக்கம்.

மர்பி டவுன் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்துவிட்டது. மற்றவர்கள் தீப்பொறியைப் பார்த்துக் கத்தினார்கள், சிரித்தார்கள். அவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டு இரும்புத் துண்டுகளைக் கோணாமல் ஒட்டினாள்.

"மிஸ், இத நெஜமா எங்க செய்றாங்க? நான் பாக்கணும்."

எங்கள் திட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆனாலும் அவள் கேட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் கேட், கிரில் செய்யும் பட்டறைக்காரரிடம் பேசி, ஒரு சனிக்கிழமை காலை அவளை அழைத்துப்போனேன். அவளுடைய அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்பவர். அரை நாள் லீவு போட்டுக் கூடவே வந்தார்.

பட்டறைக்காரர் முகத்தை மறைக்கும் ஷீல்டை அவள் கையில் கொடுத்து, "என்ன ஆனாலும் இத எடுக்காதம்மா" என்றார். அவள் பற்றவைக்கப் போனதும் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி வைத்தாள், மறுபடி ஒட்டியது. அதற்குள் அவருக்குப் போன் வந்து வெளியே போனார். நான் ஆபீஸுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல், அவள் ஷீல்டை இறக்கிவிட்டு வெறுங்கண்ணோடு திரும்பத் திரும்பப் பற்றவைத்தாள். திரும்பி வந்தவர் ஓடிவந்து ஹோல்டரைப் பிடுங்கினார்.

"மிஸ் காட்டினதுல கண்ணே கூசலண்ணா" என்றாள் அவள்.

மறுநாள் காலை அம்மா போன் செய்தார். "கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி ராத்திரி பூரா துடிச்சுட்டா மேடம்."

ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து கொடுத்திருந்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்களாம். நான் போனபோது ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் வெல்டிங் படிக்க ஐ.டி.ஐ. விண்ணப்பத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை.

"வலிக்காத மாதிரி காட்டி ஆசைய வளத்துட்டீங்களே."

"மிஸ்ஸ ஒண்ணும் சொல்லாதம்மா. தப்பு என்னோடது."

"நீ பேசாத. இந்த வேலயெல்லாம் நமக்கு வேணாம்."

விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெல்டிங் வெளிச்சத்தின் ஆபத்தைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லி என் மேனேஜரிடம் கேட்டேன். "பயமுறுத்தினா யாரு மாட்டிப்பா?" என்றார். திட்டத்தின் ஆண்டறிக்கை அட்டையில் ஷீல்டு பிடித்துச் சிரிக்கும் அவள் படத்தைப் போட்டார்கள். நான் தடுக்கவில்லை.

ரிசல்ட் வந்தபின் போன் செய்தேன். பாஸாகிவிட்டாள், சிவாஜி நகர் துணிக்கடையில் சேலை மடித்து வைக்கும் வேலைக்குப் போகிறாள் என்றார் அம்மா. அவளிடம் பேசலாமா என்றதற்கு, "கடைல போன் எடுக்க விடமாட்டாங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். கருவியை மாட்டும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும், "நெஜத்துல இந்த வெளிச்சத்தப் பாக்கக் கூடாது" என்று சொல்கிறேன். கருவி காதையும் மூடிவிடுவதால் பாதிப் பேருக்கு அது கேட்பதில்லை.