மகளின் படத்தருகே எரியும் விளக்கு

உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு யார் விளக்கேற்றுவார்கள்? பல விதமாக யோசித்துவிட்டேன். இன்னும் விடை தெரியவில்லை.

லிங்கநகர் வீட்டில் இருந்தபடி இணையத்தளம் வடிவமைப்பது என் வேலை. எனக்கென்று வைத்துக்கொண்ட இடம் இந்த வலைப்பதிவு. வேலையில் பெரும்பகுதி மரண அறிவித்தல் பக்கங்கள். செத்தவீட்டுக்கு வர முடியாத வெளிநாட்டுச் சொந்தங்கள் ஒரு பொத்தானை அழுத்தி விளக்கேற்றுவார்கள். கீழே ஒரு வரி எழுதுவார்கள். அந்த விளக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு வரை எரிந்து, தானாக அணைந்து நூர்ந்துவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

மூதூர்க் குடும்பம் ஒன்று தகப்பனின் படத்தை அனுப்பத் தாமதித்தது. படச் சட்டத்துக்குள் ஒரு முகம் எப்படிப் பொருந்தும் என்று பார்க்க வேண்டியிருந்தது. என் கணினியில் இருப்பதெல்லாம் மகளின் படங்கள்தான். பாலர் பாடசாலைச் சட்டையோடு சிரிக்கும் ஒன்றை வைத்துப் பார்த்தேன். பிறகு அவர்களுடைய பக்கத்தைத் தனியாகச் செய்து கொடுத்தேன். பரீட்சித்துப் பார்க்கச் செய்த பக்கம் என் தளத்தில் எதோடும் இணைக்கப்படாமல் கிடந்தது. இணைப்பு இல்லாத பக்கம் யார் கண்ணிலும் படாது என்று நம்பியிருந்தேன்.

போன மாதம் துறைமுகத்தைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் இணையப் பாதுகாப்புக் கருத்தரங்கு நடந்தது. பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போவது சரியா என்று யோசித்து யோசித்துத்தான் போனேன். கொழும்பிலிருந்து வந்த இளம் பெண் ஒருத்தி பேசினாள்.

"நீங்கள் மறந்த பக்கத்தை உங்கட தளம் மறக்காது. இப்பவே போனில தேடிப் பாருங்கோ."

"தங்கச்சி, வீட்டில மனிசிக்குத் தெரியாமல் ஒளிச்சதும் வருமோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது.

நானும் சிரித்தபடிதான் என் தளத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். திரையில் மகள் வந்தாள். சட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள். பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியவர் பெயர் இல்லை. ஒரு வரி மட்டும்:

போயிட்டு வா குஞ்சு.

தினமும் காலையில் பாலர் பாடசாலை வாசலில் நான் அவளுக்குச் சொல்கிற சொற்கள் அவை. கண்ணாடிக்கு வெளியே ஒரு கப்பல் சத்தமே இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினேன்.

"இதுக்கு ஏன் இந்தப் பாடு? நீர் அழிச்சு விடும்."

"ஏலாது. விளக்கு எரியுது."

"அது படமப்பா."

"சாமியறை விளக்கை நீங்கள் ஊதி நூர்ப்பீங்களோ?"

"ஊரில ஆர் பிள்ளையைக் குஞ்சு எண்டு கூப்பிடேல்லை? உமக்கு எல்லாத்துக்கும் பயம்," என்றார். சொல்லிவிட்டு, எப்போதும் திறந்தே கிடக்கும் வாசல் கேற்றைப் பூட்டப் போனார்.

அன்றைக்கே அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போட்டேன். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சொல். மறுநாள் மத்தியானம் மகளுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்திக்கொண்டே பார்த்தேன். இரண்டாவது விளக்கு எரிந்தது. அதன் கீழும் அதே வரி.

கருத்தரங்கில் பேசிய பெண் தன் இலக்கத்தை எல்லாருக்கும் கொடுத்திருந்தாள். அழைத்தேன்.

"நீங்கள் பூட்ட முதலே ஆரோ திறந்திருக்கினம் அக்கா. அவையின்ர திரையில அது இன்னும் மூடேல்லை. அதால பொத்தான் வேலை செய்யுது."

"அப்ப நான் அழிச்சால்?"

"உங்கட பக்கம் போயிடும். புதுசா விளக்கும் ஏத்தேலாது. ஆனா அவையின்ர திரையில இருக்கிற படம், அவை மூடுமட்டும் இருக்கும்."

ஆக, எங்கோ ஒரு திரையில் என் பிள்ளை பூக்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். யாரோ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது மூதூரோ, கனடாவோ, எங்கள் வீடிருக்கும் ஒழுங்கையோ தெரியாது.

நேற்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள் மகள்.

"அம்மா, எனக்குப் பிறந்தநாளோ?"

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. நானே அழித்தால், பிள்ளையின் பெயரில் எரியும் விளக்கை நூர்த்தவள் ஆவேன். விட்டால், அது தானாக நூர்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அடிக்கடி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இல்லை. ஆனாலும் தொடுகிறேன்.

இப்படிப் பக்கங்கள் செய்கிறவர்களும் பிள்ளை வளர்க்கிறவர்களும் இதை வாசிப்பீர்கள். அழிப்பதா, விடுவதா? உங்களுக்குச் சரியென்று படுவதைக் கீழே எழுதுங்கள். அந்தப் பக்கத்தை இன்னும் மூடாதவர் இதையும் வாசித்தால், நீங்களும் எழுதுங்கள். உங்கள் பதிலைத்தான் முதலில் வாசிப்பேன்.