கோர்ட்டில் இருந்த பல்செட்

அந்த வார்டு ஆபீஸ் வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றும். துப்பினால் அதற்கும் ஒரு வழக்கு போடுவார்கள் என்று விழுங்கிக்கொண்டு போகிறேன்.

என் சித்தி தின்கன்ஜூன் பேட்டையில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. சித்தப்பா போன பிறகு மறதி வந்துவிட்டது. குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சர்ச்சுக்குப் போய்விடுவாள், தண்ணீர் கீழ்வீட்டுக்குள் ஒழுகும். கீழ்வீட்டுக்காரர்கள் வார்டு ஆபீஸில் சொன்னார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களைப் பாதுகாப்பது அந்த ஆபீஸின் பொறுப்பாம். பாதுகாக்க இரண்டு தடியர்களை அனுப்பினார்கள்.

சேதி கேட்டு நான் குடியிருக்கும் க்யிம்யிண்டைங்கிலிருந்து டாக்ஸி பிடித்து ஓடினேன். நான் படியேறும்போது அவர்கள் சித்தியை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்தபடி. இங்கே பர்மாவில் பெண்கள் உடுத்தும் தமெயினை இடுப்பில் செருகித்தான் கட்டுவோம். இழுத்த இழுப்பில் அது தளர்ந்துவிட்டது. "கைய விடுங்க தம்பி, துணிய கட்டிக்கிறேன்" என்று பர்மியத்தில் கெஞ்சினாள். விடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். துணி முழங்காலுக்கு இறங்கியதும் சித்தி ஒருவன் கையைக் கடித்தாள். அவன் உதறிய வேகத்தில் மேல்வரிசைப் பல்செட் கழன்று படியில் விழுந்தது. நான் பாய்ந்து துணியைத் தூக்கிக் கட்டிவிட்டேன். அவன் பல்செட்டைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். ஆபத்தான ஆள் என்பதற்கு அத்தாட்சியாம்.

சித்தியை ஊருக்கு வெளியே, லைங் தாயாவைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவளை அங்கேயே வைத்துக்கொள்ள உத்தரவு கேட்டு ஆபீஸே கோர்ட்டில் மனு போட்டது. நான் புகார் எழுதிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். புகார் வாங்கும் குமாஸ்தா நம் ஆள், தமிழ் பேசுகிறவர். அதனாலேயே கொஞ்சம் நம்பிப் போனேன்.

"நீங்க சொல்றது புரியுதுக்கா. ஆனா கேஸு கோர்ட்டுக்குப் போயிடுச்சே. கோர்ட்டுல இருக்கிற விஷயத்துல நாங்க புகார் வாங்கப்படாது. சயாகிட்டயே கேட்டுட்டேன்" என்றார். மேலதிகாரியைத்தான் சயா என்பார்கள்.

"சித்தி எங்க இருக்கணும்னுதானே கோர்ட்டு பாக்குது? உங்க ஆளுங்க துணிய கட்ட விடலேங்கிறதுதானே என் புகாரு?"

"எல்லாம் ஒரே ஃபைலுக்கா" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

கோர்ட்டில் சித்தியை என் வீட்டிலேயே, என் பேரப்பிள்ளைகளோடு வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஆபீஸ்காரர்கள் மேஜைமேல் வைத்த பல்செட் பையைக் காட்டி, கடித்தாரா இல்லையா என்று நீதிபதி கேட்டார். கடித்தார், ஏனென்றால், என்று ஆரம்பித்தேன். ஏன் என்பதை அந்த ஆபீஸில் புகாராகக் கொடுங்கள், இங்கே அதற்கு விசாரணை இல்லை என்று வாயை அடைத்துவிட்டார். கடிக்கிறவரைப் பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, இல்லத்திலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பானது.

புகாரை எடுத்துக்கொண்டு திரும்பவும் குமாஸ்தாவிடம் போனேன்.

"இப்ப தீர்ப்பே வந்திடுச்சேக்கா. கோர்ட்டே சரின்னு சொன்ன பிறகு, நாங்க செஞ்சது தப்பான்னு எப்படி விசாரிக்கிறது?"

தீர்ப்பு வரவில்லை என்பதால் முன்பு கேட்கவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது என்பதால் இப்போது கேட்கமாட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம்கூட இல்லை. "அந்தப் பல்லையாவது குடுங்க" என்றேன். சயாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார்மென்ட் கம்பெனிப் பெண்கள் நெரியும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சித்தியைப் பார்க்கப் போவேன். லப்பெ தோ என்கிற தேயிலைக் கலவையில் கிடக்கும் வறுத்த பருப்பைத் தேடித் தேடி நொறுக்கித் தின்றவளுக்கு மூன்று வேளையும் கஞ்சி. கழுத்தெலும்பு துருத்திவிட்டது. கோழிக்கறி ஆக்கிக் கொண்டுபோனால் ஈறால் சப்பிப் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் துப்பிவைப்பாள். புதுப் பல்செட் கட்ட வெளியே அழைத்துப்போகிறேன் என்று இல்லத்துப் பொறுப்பாளரிடம் மன்றாடினேன். "கடிக்கிறவருக்குப் பல் எதற்கு? ஆபீஸிலிருந்து சொல்லட்டும், பார்க்கலாம்" என்று அந்த அம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மழைக்காலம் முழுக்க அலைக்கழித்துவிட்டு ஒருநாள் குமாஸ்தாவே போன் செய்தார்.

"சயா மனசு வச்சிட்டாருக்கா. பல்லைக் குடுக்கலாம், இல்லத்துல போட்டுவிடவும் சொல்லிடறோம். கூட்டிட்டுப் போனதுல ஒரு குறையும் இல்லே, இனிமே எங்கயும் புகார் செய்யமாட்டேன்னு மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

போய்ப் போட்டேன். சித்தி மென்று சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது எனக்கு. வெற்றிலைச் சாறு ஒட்டிய பேனாவை நீட்டினார்கள். பல்செட்டைக் கழுவிக்கூட வைக்கவில்லை. அதே பையில் பூஞ்சை பிடித்து, கறுத்து, நாறிக் கிடந்தது. சீ, இதுவும் ஒரு பாதுகாப்பு!

இல்லத்துக் குழாயடியில் உட்கார்ந்து உப்புப் போட்டுத் தேய்த்தேன். வெந்நீரில் அலசி, சித்தியின் வாயில் பொருத்தினேன். அழகாகச் சிரித்தாள். பேச வாயைத் திறந்ததும் பல்செட் நழுவி நாக்கில் விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. இத்தனை மாதம் சும்மா கிடந்ததில் ஈறு சுருங்கிப்போயிருந்தது. தட்டில் கோழிக்கறி ஆறிக்கொண்டிருந்தது.

சித்தி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னோடது இல்லடீ. ஆபீசுல மாத்திக் குடுத்துட்டானுங்க. நீ போயி நல்லா சண்டை போடு. வாயால சொன்னா கேக்கமாட்டானுங்க, புகாரா எழுதியே குடு. போறியா?"

"நாளைக்கே போறேன் சித்தி" என்றேன்.