மேட்டில் விழாத கியர்

என் இடது கால் மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப் போனது. அதற்காக நான் வருத்தப்பட்டதைவிட ஊர்தான் அதிகம் வருத்தப்பட்டது. இடது பக்கம் கியர் மிதி உள்ள ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நான் வாங்கியதும் அந்த வருத்தம் எரிச்சலாக மாறியது. “முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்” என்று போடி பஸ் நிலையத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். கேட்டுக்கொண்டு வண்டியை உதைத்தேன்.

பாதத்துக்குத்தான் வலு கிடையாது, தொடைக்கு உண்டு. கியர் மிதியில் நாலு விரல் நீளத்துக்கு இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்துகொண்டேன். தொடையோடு காலைத் தூக்கிப் போட்டு அழுத்தினால் கியர் மாறிவிடும். ராசிங்காபுரத்துக்கும் சிலமலைக்கும் அப்படியே போய்வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தை மாதத்தில் குரங்கணிக்கு மேலே, ஏலக்காட்டை ஒட்டிய ஓடையில், ஜீப்பு ஓட்டுகிறவர்களும் எஸ்டேட் இளவட்டங்களும் சேர்ந்து ஒரு போட்டி வைப்பார்கள். வேகப் போட்டி அல்ல. வறண்ட ஓடைப் பாறைகளில் வண்டியை மெதுவாக மேலே ஏற்ற வேண்டும், கால் தரையில் படக்கூடாது. பட்டால் ஒரு பிழை. லோடு ஜீப்புகள் கிளம்புவதற்கு முன், விடிந்ததுமே நடத்தி முடித்துவிடுவார்கள். கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும் என்றால் என்னைவிடத் தகுதியான ஆள் யார்? ஊன்றுவதற்கே எனக்கு ஒரு கால் கிடையாது. இதைச் சொல்லிப் பேர் கொடுத்தபோது நான் மட்டும்தான் சிரித்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் குரங்கணியில் இரவு தங்கி, விடியற்காலையில் ஏறிப் பார்த்தோம். இரண்டாவது கியரில் ஓடி வந்து, முதல் திருப்பத்தில் ஒன்றுக்கு இறக்க வேண்டும். கியர் விழவில்லை. எஞ்சின் திணறி நின்றது, நான் இடது பக்கமாகச் சாய்ந்து பாறையில் விழுந்தேன். மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே கதை. போட்டியை நடத்துகிறவர் ஜீப்பு ஓட்டும் என் அத்தை மகன். அவர் வந்து தூக்கிவிட்டார்.

“கால் எட்டல மாப்ளே. நீ எலும்ப முறிச்சுக்கிட்டா ஒங்க ஆத்தாளுக்கு நான் பதில் சொல்ல முடியாது. பேர அடிச்சிர்றேன்.”

“சனிக்கெழம வரைக்கும் பொறுங்க மச்சான். வண்டியப் பாத்துட்டு அப்பறம் அடிங்க.”

அன்று மத்தியானமே போடியில் இருந்த ஜீப்பு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். போன மாதம் என் கியர் பெட்டியைப் பிரித்து மாட்டியவர் அவர். வெயிலில் ரோட்டில் இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்தார்.

“வெண்ணெயா விழுது அப்பு. ஜீப்புக்கு ஊத்துற கெட்டி ஆயிலாப் பாத்துல்ல ஊத்திவிட்டுருக்கேன். லோடு ஜீப்பே அதுல மலை ஏறுது. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. ஒனக்குத்தான்...” என்று சொல்லி நிறுத்தி, என் காலைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் யோசித்தேன்.

அன்று இரவே குரங்கணிக்குப் போய்த் தங்கி, மறுநாள் விடியலில் அதே பாறைக்குப் போனேன். கியர் விழவில்லை. மத்தியானம் வரை அங்கேயே காத்திருந்து மறுபடி ஏற்றினேன். ஒழுங்காக விழுந்தது. விடியலில் சூம்பியிருந்த கால் மத்தியானத்துக்குள் தேறிவிட்டதா என்ன? அடுத்த நாளும் அப்படியேதான். ஆனால் அன்று இன்னொன்றையும் கவனித்தேன். கிளட்சை முழுக்கப் பிடித்தபடி நின்றாலும் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. கேபிளை இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை. உள்ளே கிளட்ச் தட்டுகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தட்டுகள் பிரியாவிட்டால் கியர் எப்படி விழும்?

அதற்கு மறுநாள் குளிர் விலகுவதற்குள், வண்டியைக் கிளப்பாமலே கியர் பெட்டியின் அடி போல்ட்டைக் கழற்றி, கீழே ஒரு தட்டை வைத்தேன். போடி வெயிலில் ஊற்றும்போது தண்ணீராய் இறங்கிய ஆயில், இங்கே ஒரு நிமிஷம் எட்டிப்பார்த்துவிட்டு, கயிறுபோல் திரண்டு மெதுவாக வந்தது. கிளட்ச் தட்டுகள் ஊறுவதும் இதே ஆயிலில்தான், குளிரில் அவற்றை ஒட்டவைத்தது இதுதான். முடவனுக்குக் கொம்புத்தேன் ஆகாது என்றவரை நினைத்துக்கொண்டேன். அது என் கியர் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

போல்ட்டை முறுக்கிவிட்டு, அந்த ஆயிலையே திரும்ப ஊற்றிக் கீழே இறங்கினேன். போடியில் மெல்லிய ஆயில் வாங்கி மாற்றினேன். சனிக்கிழமை விடியலில் மச்சானை ஓடைக்கரையில் நிறுத்தி, திருப்பத்தில் கியரை ஏழு முறை மாற்றிக் காட்டினேன். அவர் என் பேரை அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடை உச்சி வரை ஏறினேன். வழியில் பாசிப் பாறையில் முன்சக்கரம் வழுக்கி ஒரே ஒரு முறை கால் ஊன்றினேன். ஊன்றியது வலது கால். அந்தப் பிழையோடு இரண்டாவதாக வந்தேன். வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது மச்சானும் மெக்கானிக்கும் பக்கத்தில் நின்றார்கள்.

“ஆயில மாத்துனதுதான். ஆயிலுதான் ஏத்திவிட்டுருச்சு” என்றார் மெக்கானிக். மச்சானும் தலையை ஆட்டினார்.

“கியர் விழாதப்ப என் காலுன்னு சொன்னீங்க. விழுந்ததும் ஆயிலா?” என்றேன். “அதெல்லாம் இல்லண்ணே. ஏத்துனது காலுதான்.”