கூப்பிய கைகளுக்கு நடுவே ஒரு சந்து

கடலூர் முதுநகரிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். மீன் விற்கிறவள். நான் கூவினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட என் வாயே சுருங்கிப்போனதையும், கர்த்தர் எனக்கு இரங்கினதையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம், மழைக்காலத்தில் என் விரல்கள் அடிக்கடி வெளுத்து, பிறகு நீலமாகத் தொடங்கின. ஐஸில் கை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். துறைமுகத்தில் எல்லோருக்கும் விரல் விறைக்கும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகு இல்லை, ஐஸ் இல்லை, சித்திரை வெயில் கொளுத்துகிறது. அப்போதும் விரல் நீலமானது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

தோல் இறுகிக்கொண்டே போனது. இட்லியைச் சிறிதாகக் கிள்ளித்தான் வாயில் வைக்க முடிந்தது. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. "உன் வாய் சின்னதானா ஊருக்கே நிம்மதிதான்டி" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் அழுதார். அதை நான் பார்த்துவிட்டேன். பிழைக்க மாட்டேன் என்றே நினைத்தேன்.

சபையில் ரூத் அக்கா எனக்காக உபவாச ஜெபம் வைத்தார். அவர் ஜெபித்தால் தகரக் கூரை அதிரும். "இவ உடம்புக்குள்ள இருக்கிற சத்துருவ சுட்டெரிச்சிப் போடும் ஆண்டவரே" என்பார். எல்லோரும் ஆமென் போடுவோம்.

சிதம்பரத்தில் இப்படித் தோல் இறுகுகிற நோய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரைத் தேடிப் போனோம். "கைய கூப்புங்கம்மா" என்றார். கூப்பினேன். உள்ளங்கைகள் ஒட்டவில்லை. நடுவில் ஒரு மத்தி மீன் நுழையும் அளவுக்குச் சந்து. இத்தனை நாளும் கண்ணை மூடி ஜெபித்ததில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கிருமியோட சண்டை போடுறதுக்குன்னு ரத்தத்துல செல்லுங்க இருக்குதும்மா. உங்களுக்கு அதுங்க மாறிப்போச்சு. உங்க உடம்பையே எதிரின்னு நெனச்சி அடிக்குது. அதான் தோலு தழும்பு மாதிரி இறுகுது. நுரையீரல்லயும் ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப அதுங்கள மொத்தமா அழிச்சிடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்தார். "அழிச்சிட்டா ஒரு சளி புடிச்சாக்கூட நீங்க தாங்க மாட்டீங்க. அடக்கித்தான் வைக்கணும். மாத்திரைய ஒரு வேளகூட விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை இதை ரூத் அக்காவிடம் சொன்னேன். அக்கா திகைத்துப்போனார். "ஐயையோ, அப்ப நாம இவ்ளோ நாளா உன் காவல்காரனையில்ல எரிக்கச் சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றார். அன்றைக்கே ஜெபத்தை மாற்றினார். "ஆண்டவரே, எஸ்தரோட செல்லுங்களுக்கு நல்ல புத்தி குடும். வீட்டாளு யாரு, வெளியாளு யாருன்னு காட்டிக் குடும்." பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். சுருங்கின வாயோடு நானும் சிரித்தேன்.

மாத்திரையும் ஜெபமும் ஒன்றாகவே நடந்தன. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் என் கையை வைத்து, வீட்டுக்காரர் ஒவ்வொரு விரலாக நீவி விடுவார். பல மாதம் ஒரு மாற்றமும் இல்லை. மனம் விட்டுப்போனது. ஒருநாள் அவர் என் முழங்கைக்குக் கீழே கிள்ளிப் பார்த்தார். இறுகிக் கிடந்த தோல் இளகிப் பிடிக்கு வந்தது. சுரீரென்று வலித்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரோ ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று குதித்தார்.

மறுபடி சிதம்பரம் போனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "நுரையீரல்ல மேற்கொண்டு பரவல. அப்படியே நின்னுடுச்சிம்மா" என்றார். அங்கேயே அழுதேன். சந்தோஷத்தில் அழுகிற அழுகை எவ்வளவு நன்றாக இருக்கிறது.

நோய் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது. ஐஸ் பெட்டியை விட்டுவிட்டேன், இப்போது கருவாடு விற்கிறேன். வெயில்தான் என் கூட்டாளி. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் கை தட்டினேன், சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், இந்த முறை அவர் ஒளிந்து அழவில்லை.

வியாதியோடு இதை வாசிக்கிறவர்களே, வைத்தியரிடம் போங்கள், முழங்காலிலும் நில்லுங்கள். என்ன கேட்பதென்று தெரியாமல் தப்பாகக் கேட்டாலும் கர்த்தர் நம்மேல் கோபப்படுவதில்லை. என் கைகள் இன்னும் முழுதாகச் சேரவில்லை. ஆனால் அந்தச் சந்தில் இப்போது ஒரு நெத்திலிகூட நுழையாது.