பாக்கியம் அக்காவின் பத்து நிமிட ரேடியோ

ரேடியோக் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: விற்ற ரேடியோ பாடினால் அது கம்பனியின் பெருமை, பாடாவிட்டால் நம்முடைய குற்றம். தொண்ணூறுகளின் நடுவில், அக்கராயன் சந்தியில், இந்தக் குற்றத்தை நான் நாலு வருடம் செய்தேன். உங்களில் யாராவது இப்படிக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஏச்சு வாங்கியிருந்தால், கிட்ட வந்து உட்காருங்கள்.

கால் இருந்தால் பாட்டு

போர்க்காலம். வவுனியாச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் எங்கள் பக்கம் ரேடியோ வர விடுவார்கள், பற்றறி வர விடமாட்டார்கள். கரண்டும் கிடையாது. ஆகவே சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைப் பூட்டி, அதிலிருந்து இரண்டு வயரை எடுத்து ரேடியோவின் பற்றறிப் பெட்டிக்குள் செருகுவோம். ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்து ஒழுங்கைச் சனம் முழுக்கச் செய்தி கேட்கும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவருக்கும் தொண்டை அடைக்கும்.

புதிதாக ரேடியோ வாங்க வந்த ஒருவருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தி, சைக்கிளில் ஏற்றியும் விட்டேன். கால்மணி நேரம் பொறுமையாக மிதித்துவிட்டு அவர் கேட்டார்: "செய்திக்கு மிதிக்கிறன், சரி. விளம்பரத்துக்கும் நான்தான் மிதிக்க வேணுமோ?"

பத்தாவது நிமிடம்

பாக்கியம் அக்கா ஜெயபுரத்தில் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். தங்கச்சி மட்டும் இன்னும் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். கடிதம் வந்து சேர மாதக்கணக்காகும். அதனால் தங்கச்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு மத்தியானம் ரேடியோவில் போகும் விருப்பப் பாடல் நிகழ்ச்சிக்குப் போஸ்ட் காட் போடுவாள். கடைசியில் நேயர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதில் தங்கச்சியின் பெயர் வந்தால் அவள் சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அதற்காகவே அக்கா எங்களிடம் ரேடியோ வாங்கினார்.

இரண்டு கிழமையில் அது சாக்குப் பையில் திரும்பி வந்தது. சரியாகப் பத்து நிமிடம் பாடும், பிறகு செத்துவிடும். ஆறவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். பெயர் வாசிப்பதே பத்து நிமிடத்துக்கு மேல் போகும், கடைசிப் பெயர் வரைக்கும் அது இரண்டு ஞாயிறும் உயிரோடு இருக்கவில்லை. எனக்கு நோய் விளங்கிவிட்டது. உள்ளே ஏதோ ஒரு ஈயப்பற்று சூட்டில் விட்டுப்போகிறது, ஒரு சொட்டு ஈயம் போதும். ஆனால் பின்பக்கம் கம்பனி ஒட்டிய முத்திரையைக் கிழித்தால் ஆறு மாத உத்தரவாதமும் போய்விடும். கிழிக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா ரேடியோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் புதுசுதானே தம்பி வாங்கினேன், ஒட்டுப் போட்டதையா வாங்கினேன்?"

நாலாம் கேள்வி

கம்பனிக்குப் படிவம் நிரப்பினேன். நாலாம் கேள்வி: பாவித்த பற்றறி எது? நான் பொய் சொல்லத் தெரியாத மடையன். "பற்றறி இல்லை, சைக்கிள்" என்று எழுதிவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. பிழையான மின்சாரம் பாவித்தபடியால் உத்தரவாதம் செல்லாதாம். வேண்டுமானால் புதுப் பற்றறி போட்டுச் சோதித்து அறிவிக்கட்டுமாம்.

புதுப் பற்றறி! நான் அதை மூன்று தரம் வாசித்து வாசித்துச் சிரித்தேன். நாலாந்தரம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், வெட்கமாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. பேனையை எடுக்கச் சொன்னார். "அவங்களையே பற்றறியோட வந்து சோதிக்கச் சொல்லி எழுதுங்க."

ஏஜென்ட் ஏறினார்

எழுதினேன். நம்பமாட்டீர்கள், ஒரு ஞாயிறு காலை வவுனியா ஏஜென்ட் புது ரேடியோப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். பற்றறி மட்டும் இல்லை. அவருடைய டோர்ச் லைட்டில் கிடந்த இரண்டையும் சோதனைச் சாவடியில் கழற்றி எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். ஒரே சைக்கிளில், ஒரே வயரில், முதலில் எங்கள் கண்ணாடி அலுமாரி ரேடியோவைப் பாட விட்டேன். இருபது நிமிடம் பாடியது. பிறகு அக்காவுடையது. பத்தாவது நிமிடம் படுத்துவிட்டது.

நான் வேண்டுமென்றே மெதுவாக மிதித்தேன் என்றார் ஏஜென்ட். "நீர் இறங்கும்" என்று சொல்லி, நீளக் காற்சட்டையைச் சப்பாத்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, ரேடியோ ஆறியதும் தானே ஏறினார். சந்தியே கூடிவிட்டது. பத்தாவது நிமிடம் சில்லு பறக்கிறது, ரேடியோ ஊமை. மனுசன் மூச்சு வாங்கியபடி முத்திரையைத் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. பிழை தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு ஒரு புதுப் பெட்டியை உடைத்தார். எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது, துள்ளினேன்.

அக்கா அவரை விடவில்லை, மறுபடியும் சைக்கிளில் ஏற்றினார். புதுசும் பத்து நிமிடம் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மணி பன்னிரண்டு. விருப்பப் பாடல் தொடங்கியது. பத்து நிமிடம் தாண்டியது, இருபதும் தாண்டியது. போதுமா என்று அவர் கேட்க வாயெடுத்தபோது பெயர்கள் வரத் தொடங்கின. தங்கச்சியின் பெயர் வர வேண்டும் என்று அக்கா கையைக் காட்டினார், அவர் மிதித்தார். கடைசிப் பெயர் வரைக்கும் சந்தியில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

"தங்கச்சியின்ர பேர் வந்ததோ?" என்று வேர்க்க விறுவிறுக்க ஏஜென்ட் கேட்டார்.

அக்கா ரேடியோவைச் சாக்குப் பைக்குள் வைத்தார். "இன்னைக்கு வரலைங்க. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவீங்க?"

நாலு வருட ரேடியோ வியாபாரத்தில் நான் கண்ணால் கண்ட ஒரே உருப்படியான உத்தரவாதம், கம்பனிக்காரரின் அந்த இரண்டு கால்கள்தான்.